சிரிக்காத பிணம்

12.2.1986, கடலாடி

எங்கள் நாடகக் குழுவில் ராஜா வேஷம் விற்கப்படுகிறது. வாங்குபவன் அரிசி ஆலைக்காரர் மகன் குருநாதன். வசனம் மறந்தால் மீசையை முறுக்குவான். இன்று முறுக்கிய முறுக்கில் ஒட்டுமீசை கையோடு வந்துவிட்டது. எனக்கு? காவலன் வேஷம். ஈட்டியோடு நிற்க வேண்டும். வசனமே கிடையாது.

20.2.1986, இராமேஸ்வரம்

சினிமா! கரையில் ஒதுங்கிய பிணமாக நடிக்க ஆள் தேடினார்கள். போனேன். சுடுமணலில் படுத்தேன். மூக்கில் நண்டு ஏறியது. அசையவில்லை. இதுவல்லவா நடிப்பு!

முடிந்ததும் டைரக்டர், “கேமராவப் பார்த்துச் சிரிங்க தம்பி” என்றார். பிணமாக நடித்தவன் எழுந்து சிரிக்காவிட்டால் உயிருக்கு ஆகாதாம். மூடநம்பிக்கை! மறுத்தேன். மேக்கப்காரர் கிச்சுகிச்சு மூட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பயந்துபோய்க் கிளம்பிவிட்டார்கள். வெற்றி.

22.2.1986

செய்தி எனக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருக்கிறது. காவலன் வேஷமும் போச்சு. ராணியாக நடிக்கும் பூமயில்தான் காரணம்.

“பொணத்தோட மேடை ஏற மாட்டேன். போயிச் சிரிச்சிட்டு வாய்யா.”

“இங்கனயே சிரிக்கிறேன்.”

“கேமரா முன்னாலதான்யா சிரிக்கணும்!”

23.2.1986

அம்மா காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2.11.1986

படம் வந்துவிட்டது. இராமநாதபுரம் தியேட்டருக்குக் குழுவே போனோம். திரையில் நான். நண்டு ஏறுகிறது. நான் அசையவில்லை — அப்படித்தான் இத்தனை மாதம் நம்பியிருந்தேன். வயிறு தவளை போல ஏறி இறங்குகிறது!

“ஏலே, பொணம் மூச்சு விடுதுடா!”

கதாநாயகி கதறக் கதறத் தியேட்டர் சிரித்தது. பூமயில் நாற்காலியிலிருந்து வழுக்கியே விழுந்தாள். எங்கள் குழுவை நடத்தும் மலையாண்டி வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீ சிரிக்காட்டி என்னடா, ஊரே சிரிச்சிருச்சு. தோஷம் போச்சு. இனி நீதான் பபூன்” என்றார்.

பபூனா? நானா? — ஆனால் பபூனுக்கு யாரும் வசனம் எழுதித் தருவதில்லை. மனதில் பட்டதைப் பேசலாம்.

14.5.1987

நேற்று பேசிவிட்டேன். ஆலைக்காரர் முன்வரிசையில், மகன் சிம்மாசனத்தில். ஆலையில் நெல் அவிக்கிற பெண்களுக்குப் பாதிக் கூலி. மீதி இந்த ராஜாவின் தொப்பையில் இருக்கிறது என்றேன். சிரித்தார்கள். ஆலைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நெல் அவிக்கிற பாண்டியம்மாளும் சிரித்தாள்.

“வேடிக்கையில்ல, நெசம்! சிரிக்காதீங்கய்யா!”

விசில் பறந்தது. சிம்மாசனத்தின் பக்கம் திரும்பிக் கத்தினேன்: “நீயாவது பதில் சொல்லு!”

குருநாதன் மீசையை முறுக்கினான்.