விடுப்பில் இருந்த நாள்

மார்ச் 4

கண்ணு,

முதல்லயே சொல்லிடறேன், இதை மடிச்சு மேஜைக்குள்ள தள்ளறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் படிச்சுடு. போன்லயே பேசலாம். ஆனா நம்ம வீடு ரெண்டே ரூம். நான் இங்க ஹலோன்னா உங்கப்பா அங்க கட்டில்ல எழுந்து உக்காந்துடுவாரு. இது அவருக்குத் தெரியாம நடக்கவேண்டிய காரியம். காலையிலயே சாமிகிட்ட சொல்லி மன்னிப்பு வாங்கி வச்சுட்டேன், அதனால என் பக்கம் கணக்கு சரி.

போன வாரம் உங்கப்பாவோட பட்டாளத்துல லாரி ஓட்டினாரே, அந்த டிரைவர் வந்தாரு. இப்ப உங்க ஊர்லதான் மகன் வீட்டுல இருக்காராம். டீயை வாங்கி ஒரு வாய் குடிச்சுட்டு, "மெடலை எங்கடா மாட்டி வச்சிருக்க?"ன்னு உங்கப்பாவைக் கேட்டாரு. உங்கப்பா "தண்ணி மோட்டார் போடணும்"னு எழுந்து போயிட்டாரு. தொட்டி ஏற்கெனவே வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு!

"என்ன மெடலுண்ணா?"ன்னு நான் கேட்டேன். "என்ன தங்கச்சி, உனக்குத் தெரியாதா? இவனுக்கு வீரத்துக்கான மெடல்னு அணிவகுப்புல நிக்கவச்சு சத்தமா வாசிச்சாங்க. இந்த ரெண்டு காதால கேட்டேன்"ங்கிறாரு. எதுக்குக் குடுத்தாங்கன்னு நான் கேக்கறதுக்குள்ள உங்கப்பா உள்ள வந்துட்டாரு. டிரைவர் டம்ளருக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டாரு.

ஆஸ்பத்திரி கார்டு வாங்க உங்கப்பாவோட பட்டாளத்து ரெக்கார்டு நகல் ஒண்ணு வந்துச்சில்ல, அதை எடுத்துப் பாத்தேன். விருதுகள்னு போட்ட இடத்துல "ஏதுமில்லை"ன்னு இருக்கு கண்ணு. அந்த ஒரு வார்த்தை என்னமோ பண்ணிடுச்சு என்னை. பட்டாளத்து முகாம் வாசல்ல மெடல் வாங்கினவங்க பேரையெல்லாம் கல்லுல வெட்டப் போறாங்களாம். அதுல உங்கப்பா பேரு வரவேணாமா?

நீ பிறப்பு இறப்பு ஆபீஸ்ல ஊரார் பேரையும் தேதியையும் திருத்திக் குடுக்கறவ. அந்த ரெக்கார்டு ஆபீஸும் உங்க ஊர்லதான். போய் ஒரு வார்த்தை கேளேன். உங்கம்மா கண்ணை மூடினப்ப வராம, எல்லாம் முடிஞ்ச மறுநாள் வந்து நின்னாரேன்னு உனக்கு ஆறாம இருக்கறது எனக்குத் தெரியும். நான் அதை ஞாயம்னு சொல்ல வரல. எனக்காகப் போ.

உங்கப்பா நல்லா இருக்காரு, அதாவது எப்பவும்போல இருக்காரு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க நீல நூல் வாங்கிட்டு வாங்கன்னு நேத்து அனுப்பினேன். மதியம் வந்தாரு, கையெல்லாம் கிரீஸ். யாரோட காரோ வழியில நின்னுடுச்சாம், தள்ளிவிட்டாராம். நூல் எங்கண்ணான்னா, "எந்த நூலு?"ங்கிறாரு. இவரை வச்சுக்கிட்டு நான் எத்தனை சட்டை தைக்க!

நேரத்துக்குச் சாப்பிடு. சாமி உன்னைக் காப்பாத்தட்டும்.

உன் அத்தை

---

மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

கடிதமும் நகலும் வந்தன. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

நான் விண்ணப்பம் கொடுத்துப் பார்க்கிறேன். உங்களுக்காகத்தான். என் மேஜைக்கு வரும் எந்தக் கோப்பையும் நான் திருப்பி அனுப்புவதில்லை, இதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு ஆறவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாருடையதோ ஒரு சட்டை போட்டிருந்தார், கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. என் தலையில் கை வைத்தார். "எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். "வழியில" என்றார். அவ்வளவுதான். அம்மாவைப் பற்றி அவர் எனக்குச் சொன்ன விளக்கம் இதுவரை அந்த ஒரு வார்த்தைதான்.

மருந்தை விடாமல் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

---

மார்ச் 17

கண்ணு,

"அவர்", "அவர்"னு எழுதியிருக்கியே, எந்த அவரு? எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனா? சரி, விடு. போறேன்னு சொன்னியே, அதுவே எனக்கு வயிறு நெறஞ்சுடுச்சு.

அந்தச் சட்டை எனக்கும் ஞாபகம் இருக்கு. தையக்காரி கண்ணுல படாம போகுமா? தோள் இறங்கவே இல்ல, கை குட்டை, பொத்தான் வேற மாதிரி. வீட்டுல துக்கம் நடந்திருக்கு, இவரு யார் சட்டையையோ மாட்டிக்கிட்டு வர்றாரேன்னு அத்தனை பேர் முன்னாடியும் கத்தினேன். எங்கயோ குடிச்சுட்டுக் கெடந்திருப்பான்னு நம்ம சித்தப்பா வாய்க்கு வந்தபடி பேசினாரு. உங்கப்பா மண்வெட்டி எங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போய் உங்கம்மா தலைமாட்டுல மண்ணைச் சரி பண்ணிட்டு வந்தாரு.

முழங்கால் இருக்கற இடத்துல இருக்கு. மாடிப்படியைப் பாத்தா மட்டும் சாமி பேரைச் சொல்லுது. பக்தி நல்லதுதானே!

ரெக்கார்டு ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னு உடனே எழுது. தபால்காரரு சைக்கிள் மணி அடிச்சாலே ஊசியை விரல்ல குத்திக்கிறேன்.

உன் அத்தை

---

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

இதை எழுத மூன்று முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கோப்பைப் பார்க்க அனுமதித்தார்கள். மெடலுக்கான பரிந்துரை உண்மைதான். மேலதிகாரி கையெழுத்திட்டிருக்கிறார். காயம்பட்டவர்களை ஏற்றிவந்த லாரி குண்டுவீச்சில் பாலத்திலிருந்து ஆற்றில் கவிழ்ந்தபோது, தண்ணீருக்குள் போய் அவர்களை வெளியே கொண்டுவந்ததற்காக. பரேடில் வாசித்ததும் உண்மை. ஆனால் ரெக்கார்டு ஆபீஸ் அதைப் பதியாமல் நிறுத்திவிட்டது. ஏனென்றால், அந்தத் தேதியில் அவர் விடுப்பில் இருந்தார். விடுப்பில் இருக்கும் ஆள் போர்முனையில் எப்படி மெடல் வாங்க முடியும் என்று விளக்கம் கேட்டு அவருக்கு எழுதியிருக்கிறார்கள். "சம்பந்தப்பட்டவர் பதில் தரவில்லை" என்று முடித்துவிட்டார்கள்.

அத்தை, அந்தத் தேதியைப் பார்த்தீர்களானால் உங்களுக்கே புரியும். அம்மா இறப்பதற்கு மூன்று நாள் முன்பு. அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி போய், அவருக்கு உடனே விடுப்பு கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருடமும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்துத்தான் பாதியாவது மன்னித்து வைத்திருந்தேன். கையில் விடுப்புச் சீட்டோடு இருந்திருக்கிறார். வரவில்லை.

இதைத் திருத்துவது எளிது. விடுப்பு உண்மையில் எந்த நாள் தொடங்கியது என்று ஒரு சாட்சியும், அவருடைய பதிலும் இருந்தால் போதும். தினமும் நான் செய்கிற வேலைதான் இது. இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்குக் கை வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

---

ஏப்ரல் 8

கண்ணு,

உன் லெட்டரை மெஷின் மேல வச்சுட்டு சாமி படத்துக்கு முன்னாடி போய் உக்காந்தேன். இதுக்காடா என்னைக் கிளப்பி விட்டன்னு சாமியையே கேட்டேன். பதில் சொல்லல. அதுவும் உங்கப்பா மாதிரிதான்.

அப்புறம் மறைக்க முடியல. உங்கப்பாகிட்ட லெட்டரைக் குடுத்துட்டேன். நீ திட்டினாலும் பரவாயில்ல. கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சாரு, மறுபடி மேல இருந்து படிச்சாரு. "அவளுக்குத் தெரிஞ்சுபோச்சா"ன்னாரு. அவ்வளவுதான்.

எனக்கு வந்துச்சு பாரு கோபம். "ஏண்ணா, ஆபீஸ்லேருந்து கேட்டப்பவே ஒரு வரி எழுதிப் போட்டா என்ன? வாயில என்ன, கொழுக்கட்டையா?"ன்னு கேட்டேன். கண்ணாடியைக் கழட்டி மடிச்சாரு. அப்புறம் சொன்னாரு, அப்படியே எழுதறேன்:

"மெடல் வேணும்னா அன்னிக்கு எனக்கு லீவு இருந்துச்சு, இருந்தும் நான் ஆத்துல நின்னேன்னு கையெழுத்துப் போடணும். அதை என் பொண்ணு ஒருநாள் படிப்பா. அந்தப் பசங்களைத் தூக்கினது தப்புன்னு அவகிட்ட சொல்லவா? இல்ல, அவ அம்மாவை விட்டது சரின்னு சொல்லவா? ரெண்டும் எனக்கு வாயில வராது. அதுக்கு மெடல் இல்லாமலே இருந்துட்டுப் போறேன்."

சொல்லிட்டு நூல் வாங்கப் போனாரு. நான் நூல் கேக்கவே இல்ல.

அந்த டிரைவர் விலாசம் கீழ எழுதியிருக்கேன், உன் ஆபீஸ்லேருந்து ரெண்டு ஸ்டாப்பிங்தானாம். போன்னு சொல்லமாட்டேன். உனக்கே தோணினா போ. தோணலன்னாலும் நீ என் கண்ணுதான்.

உன் அத்தை

---

ஏப்ரல் 21

அத்தை,

போனேன்.

டிரைவர் வீட்டு வாசலில் பேரக்குழந்தையின் மூன்றுசக்கர சைக்கிளுக்குப் பெடல் மாட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "உங்கப்பன் மூக்கு" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான்தாம்மா அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். லீவு சீட்டு சட்டைப் பையில. முன்னாடி போன லாரி எங்க கண்ணு முன்னாடி பாலத்துலேருந்து விழுந்துச்சு. இவன் இறங்கினான். டேய், உனக்கு ட்ரெயின் இருக்கு, உன் பொஞ்சாதிக்கு முடியல, நீ போடான்னு கத்தறேன். 'ஒரே ஒருத்தர்ணா, அந்தா கையைத் தூக்கறான் பாரு, அவனை மட்டும்'னான். கொண்டுவந்து போட்டுட்டுத் திரும்பினான். 'இன்னும் ஒருத்தர்ணா.' இப்படியே இருட்டிப்போச்சு. அவன் சட்டையைக் கிழிச்சுத்தான் கட்டுப் போட்டோம். அவன் போட்டுட்டு வந்தது என் சட்டை. நான் குள்ளம்."

முதல் ட்ரெயினைப் பிடித்திருந்தால் அம்மாவைப் பார்த்திருக்க முடியுமா என்று கேட்டேன். பொய் சொல்லவில்லை அவர். "பாத்திருப்பான்மா. ஒரு சாயங்காலம் கூட இருந்திருப்பான்" என்றார். அடுத்த ட்ரெயின் கிளம்பவே இரண்டு நாள் ஆகியிருக்கிறது. தண்டவாளமும் சேதம்.

அந்த ஒரு சாயங்காலத்தை என்னால் இன்னும் விடமுடியவில்லை அத்தை. அது அம்மாவுடையது. ஆனால் அப்பா வேறெங்கோ இருந்தார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வழியில் என்றால் நிஜமாகவே வழியில்தான் இருந்திருக்கிறார்.

டிரைவரின் சாட்சிக் கடிதம் வாங்கிவிட்டேன். விண்ணப்பத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். விடுப்பு தொடங்கிய நாளைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். பதில் எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை அப்பாதான் எழுதவேண்டும். எனக்கு விளக்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள். என்ன நடந்ததோ அதை எழுதினால் போதும். நான் படிப்பேன் என்பதற்காக எதையும் விடவேண்டாம்.

கண்ணு

---

ஏப்ரல் 28

கண்ணு,

எண்ணிட்டேன், உன் லெட்டர்ல எத்தனை இடத்துல அப்பான்னு எழுதியிருக்கன்னு. உங்கப்பாவும் எண்ணினாரு. என்கிட்ட சொல்லல, ஆனா விரல் ஓடினதைப் பாத்தேன்.

ஃபாரத்தைத் தபால்ல அனுப்பச் சொன்னேன். மாட்டேன்னுட்டாரு. நேர்ல வந்து உன் முன்னாடி உக்காந்து எழுதறாராம். "நான் எழுதறப்பவே அவ கேக்கறதுன்னா கேக்கட்டும், திட்டறதுன்னா திட்டட்டும்"கிறாரு. வியாழக்கிழமை காலைல முதல் பஸ். அவரே முடி வெட்டிக்கிட்டு வந்தாரு. வெள்ளைச் சட்டை ஒண்ணு தைச்சுக் குடுத்திருக்கேன், கை சரியா மணிக்கட்டுல நிக்கற மாதிரி. போட்டுப் பாத்துட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னாரு பாரு, எனக்கு மெஷின்ல தையல் கோணிப்போச்சு.

மெடல் வருமோ வராதோ, அது பெரிய ஆபீசருங்க பாடு. சாமிகிட்ட இனிமே அதை நான் கேக்கறதா இல்ல. வேற ஒண்ணு கேட்டிருந்தேன், அது பஸ் ஏறப்போகுது.

சாயங்காலத்துக்குள்ள வந்துடுவாரு. ஆனா கண்ணு, உனக்கு அவரைத் தெரியும். பஸ் ஸ்டாண்டுலேருந்து உன் வீட்டுக்கு வர்றதுக்குள்ள எத்தனை கார் நின்னுபோயிருக்குமோ, எவன் மூட்டை சரிஞ்சிருக்குமோ. நேரமாச்சுன்னா கதவைச் சாத்திடாத.

உன் அத்தை

பின்குறிப்பு: இப்ப "நேரமாச்சுன்னா"ன்னு எழுதினதும்தான் ஞாபகம் வருது. உங்கம்மா கடைசி சாயங்காலம் காய்ச்சல்ல கெடக்கறப்ப, அண்ணன் கிளம்பிட்டாரு, இதோ வந்துடுவாருன்னு நான் சொன்னேன். அவ கண்ணைத் தொறக்காமலே சிரிச்சா. "அவரு எங்க நேரா வருவாரு? வழியில யாரோ கூப்பிட்டிருப்பாங்க. வந்ததும் திட்டாதீங்க, முதல்ல சோத்தைப் போடுங்க"ன்னா. காய்ச்சல்ல ஒளறுறான்னு நெனச்சுத் துணியை நனைச்சு நெத்தியில போட்டேன்.