வாரத்துக்கு விட்ட கோழி

கார்த்திகை 9, செவ்வாய். பிரிக்பீல்ட்ஸ்.

பத்து நாளாக விடாத மழை. தரை சில்லென்று கிடக்கிறது. சீக்கில் படுத்த கருங்கோழியை இன்னும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் கொடுத்த பழைய கம்பளிக் கோட்டு இப்போது அதற்குத்தான். சின்ன வெங்காயமும் மிளகும் நசுக்கி, அலகைப் பிளந்து வேளாவேளைக்கு ஊட்டினேன். என் கையிலிருந்து தானாக ஒரு பருக்கைகூடக் கொத்தியதில்லை.

கோழி பக்கத்து வீட்டுத் தனத்துடையது. தங்கையின் பிரசவத்துக்குக் கிள்ளான் போகும்போது, குஞ்சு பொரித்தால் ஆளுக்குப் பாதி என்று வாரத்துக்கு விட்டுப் போனாள். இன்று திரும்பி வந்தாள். வாசலில் நின்றபடியே "பா பா பா" என்றாள். ஏழு நாளாக எழுந்து நிற்காத சனியன், கோட்டை உதறிவிட்டு ஓடியது. அவள் உள்ளங்கையில் இருந்ததைக் கொத்திக் கொத்தித் தின்றது.

"என்னக்கா, என் புள்ள இப்படி எளச்சுப் போச்சு? நான் தூக்கிட்டுப் போறேன்."

நான் இளைத்தது அவள் கண்ணில் படவில்லை.

"ஈரக்காத்து அதுக்கு ஆகாது தனம். நாலு நாள் போகட்டும்" என்றேன். பொய். கோழி தேறிவிட்டது என்று எனக்கே தெரியும்.

அவள் போனதும் கதவைச் சாத்தினேன். அவளைப் போலவே குரலை இழுத்து, "பா பா பா" என்று கூப்பிட்டேன்.

அவள் குரலென்று ஓடி வந்தது. கை நிறைய நொய்யரிசி வைத்திருந்தேன். விரலை விரிக்க மனம் வரவில்லை.