பந்துக்குத்தான் போனேன்

பிப்ரவரி 11, செவ்வாய்

மைனஸ் நான்கு. மைதானம் கல்லாகிக் கிடந்ததால் செயற்கைப் புல்லில் ஓடவிட்டார்கள். ஏழாவது ஓட்டத்திலேயே முட்டி முனக ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தேழு வயதில் முட்டியைப் பற்றிப் பேசும் கால்பந்து நடுக்கள ஆட்டக்காரனுக்கு இரண்டாம் பிரிவில்கூட இடம் கிடைக்காது.

வசந்தகால அட்டவணை வந்துவிட்டது. ஏப்ரல் 6, ஞாயிறு, எங்கள் துறைமுக மைதானத்தில் ஹோல்ம்ஸ்ட்ரப்புடன் ஆட்டம். என் பழைய கிளப். போன கோடையில் மேல் பிரிவிலிருந்து கீழே விழுந்தார்கள். அன்று நான் வழக்கத்தைவிட ஒரு பியர் கூடுதலாகக் குடித்தேன்.

கோச் ஃப்ளெமிங் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பழைய வீட்டுக்காரங்க வராங்க, ருனெ. காபி போட்டு வைக்கவா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இன்னும் ஐம்பத்து நான்கு நாள்.

பிப்ரவரி 12

ட்ரோல்ஸ்தான் இன்னும் அவர்களுடைய கேப்டன். பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இதை எங்கேயும் முழுதாக எழுதி வைத்ததில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

இருபத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாதவனைப் பிடித்துக் கட்டி, தலையில் லவங்கப்பட்டைத் தூள் கொட்டுவது இங்கே எல்லா ஊரிலும் நடப்பதுதான். நானே மூன்று பேருக்குக் கொட்டியிருக்கிறேன். எனக்கு இருபத்தைந்தான நவம்பரில் என் முறை வந்தது. ஹோல்ம்ஸ்ட்ரப்பில் பயிற்சி முடிந்த நேரம், பதினைந்து பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். கோல் கம்பத்தோடு என் கால்களைக் கட்டியது ட்ரோல்ஸ். குழாயைத் திறந்து நனைத்தார்கள். பிறகு தூள், மூட்டையாக. கண் எரிந்து எதுவும் தெரியவில்லை. முட்டி திருகுகிறது, கயிற்றை விடு என்று கத்தினேன்.

"கேக்கு மாதிரி மணக்குற, சும்மா நில்லுடா," என்றான் ட்ரோல்ஸ். இன்னொரு இழுப்பு இழுத்தான்.

உள்ளே ஏதோ அறுந்தது எனக்குக் கேட்டது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ப்ரேபென் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கிளப்பில் யார் விளையாடுவது, யார் வெளியே போவது என்று முடிவு செய்கிற மனிதர். கையில் இனிப்பு ரொட்டிப் பெட்டி, அதன்மேல் ஒரு காகிதம். ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது: பயிற்சியின்போது தானாக வழுக்கி விழுந்தேன். கூத்தடித்ததில் வந்த காயம் என்றால் இன்சூரன்ஸ் கிடைக்காதாம். போலீஸ் வருமாம். ட்ரோல்ஸின் பெண்டாட்டி வேறு மாசமாக இருக்கிறாளாம். "நம்ம எல்லாம் ஒரே குடும்பம், ருனெ. இதைப் பெருசு பண்ணினா, இவன் தன்னைப் பெரிய ஆளா நெனச்சுக்கறான்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க."

இந்த நாட்டில் ஒருவனை மடக்க இதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. முதலாளியையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம், அதனால் எல்லோரும் சமம் என்று நினைத்துக்கொள்கிறோம். கையெழுத்துப் போட்டேன்.

பதினான்கு மாதம் ஆடவில்லை. பாதியிலேயே ஒப்பந்தம் முடிந்தது. முட்டியை நம்ப முடியவில்லை என்று அதே ப்ரேபென் கை குலுக்கி அனுப்பினார். ட்ரோல்ஸ் ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. அணியின் பேரில் பூங்கொத்து வந்தது.

அந்தக் கயிற்றை இழுத்த கைக்குப் பதில் எனக்கு ஒரு முட்டி வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 2, ஞாயிறு

அப்பா அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. கறுப்பு ரொட்டி, ஊறவைத்த ஹெர்ரிங் மீன்.

பன்றி அறுக்கும் ஆலையில் அவருக்கு முப்பத்தொரு வருடம். இடது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. இன்று கேட்டேன், விரல் போனபோது என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று. சங்கிலிக் கையுறை போடாதது தன் தவறு என்று எழுதிக் கொடுத்தாராம். கையுறை போட்டிருந்தாரா? போட்டிருந்தார். கிழிந்த கையுறை. மாற்றிக் கொடு என்று இரண்டு வாரமாகக் கேட்டிருந்தாராம்.

"அப்புறம் ஏன்பா?"

"திங்கக்கிழமை வேலைக்குப் போகணும்ல," என்றார். மீன் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. விரல் போனதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்த மனுஷன். அவர் பிள்ளைதானே நான்.

மார்ச் 15, சனி

ஹோல்ம்ஸ்ட்ரப்பின் கடைசி ஒன்பது ஆட்டங்களையும் பார்த்து முடித்தேன். ட்ரோல்ஸுக்கு முப்பத்து நான்கு. வேகம் போய்விட்டது, அதைத் திருட்டுத்தனத்தால் மறைக்கிறான். பின்வரிசையிலிருந்து பந்து வரும்போது ஒரே ஒரு தடவைதான் தோளுக்குப் பின்னால் பார்ப்பான். பார்த்ததும் வலது காலை ஊன்றி இடப்பக்கம் திரும்புவான். ஊன்றிய காலில் முழு பாரமும் இருக்கும், ஒரு நொடி. அவன் பார்த்து முடித்த பிறகு கிளம்பினால் போதும்.

நாற்பத்தாறு தடவை எண்ணினேன். நாற்பத்தாறும் இடப்பக்கம்.

இவ்வளவு கவனமாக நான் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை.

மார்ச் 27

அக்கா டில்டெ வந்தாள். நாள் முழுக்கப் பஸ் ஓட்டிவிட்டுச் சீருடையோடு வந்து சோபாவில் விழுந்தாள். மடிக்கணினியில் ட்ரோல்ஸ் பாதித் திருப்பத்தில் உறைந்து நின்றிருந்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவன் முட்டிய ஒடச்சா உன்னுது ஒட்டிக்குமாடா?"

"ஒட்டாது. ஆனா அவன் நொண்டுறத நான் பார்ப்பேன்ல."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். சாக்லேட்டைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அந்த ப்ரேபென் மட்டும் நொண்டாமல் காரில் வீட்டுக்குப் போவானே, அதற்கு என்ன செய்வாய் என்று கேட்டாள். அந்த ஆள் மைதானத்துக்குள் இறங்குவதில்லையே.

ஏப்ரல் 5

தூக்கம் நன்றாக வருகிறது. வெட்கமாக இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

செய்துவிட்டேன்.

வரிசையில் நிற்கும்போது அவனே ஆரம்பித்தான். என் முடியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்னால் இருந்தவர்களிடம், "இன்னும் வாசம் போகல பாருங்கடா," என்றான். நான் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அறுபத்து மூன்றாவது நிமிடம். அவர்கள் தடுப்பாட்டக்காரன் பந்தைத் தள்ளினான். ட்ரோல்ஸ் தோளுக்குப் பின்னால் பார்த்தான், நான் அங்கே இல்லை. தலை திரும்பியதும் கிளம்பினேன். பந்து எங்கே இருந்தது என்று சத்தியமாகத் தெரியாது. நான் பந்தைப் பார்க்கவே இல்லை.

அவன் கத்தினான். எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்தது, ஆனால் நினைத்துப் பார்க்க நேரமில்லை, நடுவர் மஞ்சள் அட்டையோடு நின்றார். மஞ்சள்தான். மழையில் வழுக்கியதாக நினைத்திருப்பார். அவனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் ரசிகர்கள் என் பேரைச் சொல்லிப் பாடினார்கள்.

நன்றாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று சமன். குளிக்கும்போது நானும் பாடினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

யாரோ மெதுவாக ஓடும் வீடியோவை ஏற்றிவிட்டார்கள். என் கண் பந்தில் இல்லை என்பது குருடனுக்கும் தெரிகிறது. கால்பந்து சங்கத்தின் ஒழுங்குக் குழு இரண்டு பேரிடமும் விளக்கம் கேட்டிருக்கிறது.

மதியம் ட்ரோல்ஸ் போன் செய்தான். நான் எதிர்பார்த்தது வசவு. ஆசைப்பட்டதும் அதுதான்.

"பந்துக்குத்தான் வந்தான்னு எழுதிக் குடுத்துட்டேன்," என்றான். குரலில் மருந்து மயக்கம். "நீயும் அப்படியே எழுது. கணக்கு தீந்துபோச்சு."

எதற்காக எனக்கு உதவுகிறாய் என்று கேட்டேன்.

"உனக்கா? நீ ஏன் செஞ்சேன்னு அவங்க கேப்பாங்கடா. நீ ஆரம்பிச்சா அந்தக் கோல் கம்பம் வரைக்கும் போகும். ஜூன்ல எனக்கு ஒப்பந்தம் முடியுது. ப்ரேபென் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு."

முட்டி எப்படி என்று கேட்டுவிட்டேன். எப்படி வாயில் வந்ததோ. "அறுந்துபோச்சு. உன்னுது மாதிரியே," என்றான். போனை வைத்தான்.

அவன் என்னை வெறுக்கக்கூட மாட்டேன் என்கிறான். இவ்வளவு செய்தும் அந்த மரியாதைகூட எனக்கு இல்லையா?

ஏப்ரல் 9

பயிற்சி முடிந்ததும் ஃப்ளெமிங் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் காகிதம், பேனா. தட்டச்சு செய்தது: நான் பந்தை நோக்கி மட்டுமே சென்றேன். ட்ரோல்ஸும் அதையே எழுதிவிட்டதால் இரண்டு ஆட்டத் தடையோடு முடிந்துவிடும் என்றார். வாசகத்தை ஹோல்ம்ஸ்ட்ரப்பே அனுப்பி வைத்ததாம். ப்ரேபென் நல்ல மனுஷன் என்றார்.

நாளை கையெழுத்துப் போடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

காகிதம் சமையலறை மேசையில் கிடக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். அதே ஆள். ரெண்டு முட்டி போச்சு, அந்த ஆளு ரெண்டுக்கும் ஒரே மாதிரி காயிதம் அடிச்சு அனுப்புறான். நான் ஒடச்சது யாரை? அந்த ஆளு சொன்னா ஆடுற, அவன் சொன்னா வாய மூடுற இன்னொரு கூலிய. அக்கா கேட்டாளே, அப்ப மண்டைல ஏறலையே.

ப்ரேபெனைத் தொட எனக்கு ஒரே வழிதான் இருக்கிறது. நான் காலுக்குத்தான் போனேன் என்று சொன்னால்தான் ஏன் என்று கேட்பார்கள். அவரைக் கொளுத்த என்னிடம் இருப்பது ஒரே தீக்குச்சி, அதை என் மேலேயேதான் உரசியாக வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

ஒழுங்குக் குழுவுக்கு என் விளக்கத்தைக் கையால் எழுதி அனுப்பினேன். நான்கு பக்கம். முதல் வரி: நான் பந்துக்குப் போகவில்லை.

நல்லவனாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதும்போது ப்ரேபெனின் முகம்தான் கண் முன்னால் இருந்தது.

ஏப்ரல் 24

உடைமாற்றும் அறையில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறது. சங்கம் விசாரித்ததில், என்னைப் பிடித்துக் கட்டிய ஹோல்ம்ஸ்ட்ரப்பின் பதினைந்து பேரில் பதினான்கு பேருக்கு அந்த நவம்பர் நினைவில்லையாம். ஒருவனுக்கு மட்டும் இருக்கிறது. பழைய கோல்கீப்பர் எஸ்பென், ஆட்டத்தை விட்டுவிட்டு இப்போது தச்சு வேலை பார்ப்பவன். அன்று எடுத்து அழிக்காமல் வைத்திருந்த வீடியோவைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டான். எனக்கும். நாற்பத்தொரு விநாடி.

ஒலியைக் கூட்டிக் கேட்டேன். ட்ரோல்ஸ் மழையில் கத்தியது எங்கேயோ கேட்ட குரல் என்று நினைத்தேனே. என்னுடையது.

மே 13, செவ்வாய்

எனக்கு ஒன்பது ஆட்டத் தடை. அரை மணி நேரத்தில் எங்கள் துறைமுகக் கிளப் என் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஃப்ளெமிங் கையை நீட்டவில்லை. "உன்னைப் பெரிய ஆளா நெனச்சுக்க யாரு சொன்னது," என்றார், வருத்தத்தோடுதான்.

மாலையில் இன்னொரு செய்தி. ப்ரேபென் குடும்பத்துக்கு நேரம் ஒதுக்குவதற்காகப் பதவி விலகுகிறார். காரில்தான் வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் நாளைக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை.

அப்பாவுக்குப் போன் செய்தேன். செய்தித்தாளில் படித்துவிட்டாராம். ஆலையில் எல்லோரும் படித்தார்கள் என்றார்.

ஜூன் 30

ட்ரோல்ஸின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. முட்டியை நம்ப முடியவில்லை என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள்.

கொண்டாட வேண்டிய நாள். ஒரு பியரை எடுத்துத் திறந்தேன், பாதியில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை எட்டு மணிக்கு மீன் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை முடிந்து, ஆஸ்பத்திரிக்கு முட்டிப் பயிற்சிக்குப் போனேன். அக்டோபரில் மூன்றாம் பிரிவுக் கிளப் ஒன்று சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறது.

பக்கத்துப் பயிற்சி சைக்கிளில் ட்ரோல்ஸ். தொடை குச்சியாகியிருந்தது. அவன் என் திரையில் மிதியின் இறுக்கம் எட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை ஒன்பதாக்கினான். நான் பத்தாக்கினேன். அவன் பதினொன்று. இருபது நிமிடத்துக்கு மேல் கூடாது என்று மருத்துவர் எனக்குச் சொல்லியிருக்கிறார், அவனுக்கும்தான் சொல்லியிருப்பார். நாற்பது நிமிடம் ஓட்டினோம். ஒன்றாக நிறுத்தினோம்.

"வயசான நாயே," என்றேன். இத்தனை மாதத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"உன்னைவிட ஒரு படி மேலதான் ஓட்டினேன்," என்றான் மூச்சு வாங்க.

வீட்டுக்கு வருவதற்குள் முட்டி ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. வியாழக்கிழமை அவனுக்குப் பயிற்சி ஒன்பது மணிக்காம். எனக்குப் பதினொன்று. போன் செய்து ஒன்பதுக்கு மாற்றிக்கொண்டேன்.