இரும்புக் குண்டும் சுண்ணாம்பு வாளியும்

பாஸ்டன்
21 ஜூன் 1959

அன்பு மகள் நுன்சியாவுக்கு அப்பா காஸ்பரே எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். கலிபோர்னியா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். ஆமாம் மகளே, இது என் கையெழுத்துதான், யாரும் எழுதித் தரவில்லை. கோவில் வகுப்பில் ஏழு மாதம் உட்கார்ந்து அறுபத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிவதற்குள் ஒரு கோப்பை காப்பி ஆறிவிடுகிறது, எழுத எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. அம்மா பக்கத்து வீட்டாரைக் கொண்டு உனக்கு எழுத வைத்திருப்பாள், அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று. வேலை போனது உண்மை. புத்தி தடுமாறவில்லை. நடந்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். நடந்து பத்து நாளாகிறது.

நம் பழைய தெருவை இடிக்கும் குழுவில் என் வேலை உனக்குத் தெரியும். கார்மெலோ கிரேனில் உட்கார்ந்து இரும்புக் குண்டை ஆட்டி அடிப்பதற்கு முன்னால், நான் ஒவ்வொரு மாடியாக ஏறி, யாராவது இருக்கிறீர்களா என்று கத்திப் பார்க்க வேண்டும். ஆள் இருந்தால் வாசல் சுவரில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போடுவேன். வட்டம் இருந்தால் குண்டு அசையாது. காலி வீடு என்றால் ஒன்றும் போடமாட்டேன். எழுதக் கற்ற பிறகு கை சும்மா இருக்குமா? ஒரு மாதமாகப் பார்த்து முடித்த காலி வீடுகளில் எல்லாம் என் பெயரை எழுதி வந்தேன். இடியப் போகிற சுவர்தானே, யார் கேட்கப் போகிறார்கள். "உன் பேரை அடிச்சு அடிச்சு என் கை வலிக்குதுடா" என்று கார்மெலோ கேலி செய்வான்.

அந்த வியாழக்கிழமை ஒரு வீட்டு நிலவறையில் லிபோரியோ கிழவர் இருந்தார். வீட்டைக் காலி செய்து இரண்டு மாதமாகியும், பீப்பாயில் போட்டு வைத்த திராட்சை மதுவை விட மனமில்லாமல் திரும்பி வந்திருக்கிறார். அரை மணி நேரம் கொடு, குடுவைகளில் பிடித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். சரி என்று வெளியே வந்தேன். வட்டம் போடத் தூரிகையை எடுத்தவன், வட்டம் எதற்கு, அதுதான் எழுதத் தெரியுமே என்று நினைத்து, உள்ளே ஆள் இருக்கிறார், பொறு என்று பெரிதாக எழுதினேன். பெயரைத் தவிர நானாகச் சுவரில் எழுதிய முதல் வார்த்தைகள். தள்ளி நின்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பிறகு குடுவைகளைத் தூக்கக் கயிறு எடுக்க லாரிப் பக்கம் போனேன். கயிற்றைத் தொடும்போது தரை அதிர்ந்தது. திரும்பினால் குண்டு மூன்றாம் மாடிச் சுவருக்குள் இருக்கிறது. அது வெளியே வந்தபோது கூரையும் கூடவே வந்தது. கத்திக்கொண்டு ஓடினேன். தூசிக்குள் நடைபாதை ஓரத்து நிலவறைக் கதவு மெல்ல மேலே திறந்தது. தலை முதல் கால் வரை சிவப்பாக லிபோரியோ வெளியே வந்தார். ரத்தம் என்று நினைத்து அங்கேயே மண்டியிட்டுவிட்டேன். மது மகளே, மது. பீப்பாய் உடைந்து அவர்மேல் கொட்டியிருக்கிறது. உயிர் பிழைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "அறுபது கேலன்டா பாவிகளா, ஒரு சொட்டு மிச்சமில்ல" என்று அழுகிறார்.

கார்மெலோ இறங்கி வந்தான், முகத்தில் ரத்தமே இல்லை. வட்டம் போடவில்லையே என்றான். எழுதியிருக்கிறதே, பார்க்கவில்லையா என்றேன். "உன் பேருன்னு நெனச்சேன்" என்றான். பிறகு என் சட்டையைப் பிடித்து, மெதுவாக, "அதுல என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டான். நுன்சியா, குண்டு விழுந்தபோதுகூட நான் அப்படி அதிரவில்லை. இருபது வருடமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு எங்களுக்கு உலகச் செய்தி சொன்னவன் அவன். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் காலையில் வானொலியில் கேட்டதாம்.

முதலாளி டாயில் தெருமுனையிலிருந்து ஓடி வருவது தெரிந்தது. சுவரின் கீழ்ப்பாதி விழவில்லை, என் எழுத்து அப்படியே நிற்கிறது. கார்மெலோவுக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தால் அன்றே கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். வீட்டில் அவன் மனைவி இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறாள். யோசிக்க நேரமில்லை. வாளியைத் தூக்கி, எழுத்து மறையும்படி சுண்ணாம்பை அதன்மேல் வீசினேன். டாயில் கேட்டதும், "வட்டம் போட மறந்துட்டேன் ஐயா" என்றேன். அது பொய்யும் இல்லையே, வட்டம் போடாதவன் நான்தானே. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போ கிழவா, இனி வராதே என்றார்.

இப்போது அம்மா தினமும் காலையில் இன்று என்ன கிழமை சொல் என்று என்னைச் சோதிக்கிறாள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறேன். சிரித்தால் இன்னும் பயப்படுகிறாள். அவளிடம் உண்மையைச் சொன்னால் ஞாயிறு பூசை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நேற்று கார்மெலோ வந்தான். அம்மா அடுப்படிக்குப் போனதும் செய்தித்தாளை என் முன்னால் வைத்து, "படி" என்றான். விரலை வைத்து ஒரே ஒரு தலைப்பைப் படித்தேன், கால் மணி நேரம் ஆனது. அவன் எழுந்து போகவில்லை.

குழந்தைகளை உச்சி வெயிலில் விளையாட விடாதே. மாப்பிள்ளையின் இருமலை அசட்டை செய்யாதே. மாதா உங்கள் எல்லோரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே, படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு, அவன் மானம் இதில் இருக்கிறது. நாலு நாள் உட்கார்ந்து எழுதியதைக் கொளுத்து என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் போட்டுவிடு. அடித்துண்டை மட்டும் வேண்டுமானால் கிழித்து வைத்துக்கொள், அதில் என் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை.

உன் அப்பா
காஸ்பரே மன்கூசோ