பதினெட்டாம் பிளாக்கில் தண்ணீர்

நெய்வேலி, 17ஆம் பிளாக்
3 பிப்ரவரி 2025

அன்பு பாயிஜா,

இல்லை, அழவில்லை. இது வேறு. சிரித்துவிட்டேன். நாலு மாதத்தில் முதல் தடவை, அதுவும் யார் வீட்டுத் தரையிலோ உட்கார்ந்து.

கல்லூரியை விட்டு வந்ததிலிருந்து படுக்கைதான். மாத்திரையோடு தினமும் நடக்கவும் வேண்டும் என்றார் டாக்டர். என் போன் இன்னும் அப்பாவிடம்தான், அதனால்தான் கடிதம். காலை ஷிப்ட் போகும்போது என்னையும் பஸ் ஸ்டாப் வரை நடத்திக் கூட்டிப் போகிறார். திரும்பி வரும்போது நான் மட்டும். மூன்றாவது வாரம் கால் தானாக ஓட ஆரம்பித்தது. இன்று ஓடின வேகத்தில் வீட்டுக்குள் நுழைந்து, தரையில் சாய்ந்து, "ம்மா, தண்ணி" என்றேன். சொம்பு வந்தது. குடித்து நிமிர்ந்தால், வேறு ஒரு அம்மா.

"எந்த பிளாக்கும்மா நீ?"

"பதினேழுங்க."

"இது பதினெட்டு. எங்க வூட்டுக்காரரு நைட் ஷிப்ட் முடிச்சி வந்து பக்கத்து வூட்டுல படுத்துட்டாரு ஒருநாள். நீ தண்ணியோட வுட்ட."

எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி இருந்தால் நான் என்ன செய்வேன். அவர் பெயர் பிரபாவதி. நாளைக்கும் வரச் சொன்னார், "கதவத் தட்டிகினு வா."

ஜூனில் வந்துவிடுவேன். என் கட்டிலை யாருக்கும் கொடுக்காதே.

உன் இசை

சிதம்பரம், விடுதி
17 பிப்ரவரி

இசை,

பைத்தியமே. படித்துச் சிரித்தேன் என்று எழுத ஆசை.

கட்டில் பத்திரம். துணி கிடக்கிறது அதில். என்னுடையதுதான், துவைக்காதது. தேர்வு எழுதவில்லை, காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி. சாப்பிட மூன்று மாடி இறங்க வேண்டுமே. நெல்லிக்குப்பத்தில் வீட்டுக்கு, அத்தாவுக்கு, எதுவும் தெரிய வேண்டாம்.

நீ ஓடு. எனக்கும் சேர்த்து.

பாயிஜா

நெய்வேலி
21 பிப்ரவரி

பாயிஜா,

கொஞ்சம் அசதி. அக்டோபரில் நான் உன்னிடம் சொன்னதும் இதேதான். நீ நம்பவில்லை. பையைக் கட்டி, கையைப் பிடித்து பஸ் ஏற்றி, வீடு வரை வந்து விட்டுவிட்டுப் போனாய்.

இப்போது நானும் நம்பவில்லை.

நேற்று அப்பாவின் போனில் பத்து தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். முந்தாநாள்கூட அழுதேன். ஆனால் ஓடின நாளில் குளிக்கிறேன். பசிக்கிறது. இதுவே எனக்குப் பெரிய செய்தி, அதனால்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். உனக்கும் சேர்த்து ஓடிப் பார்த்தேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. உன்னுடையதை நீதான் ஓட வேண்டும்.

முதல் நாள் மூன்று மாடி இறங்குவோம். அது போதும். பிறகு டாக்டர், பிறகு அத்தா. இரண்டுக்கும் நான் பக்கத்தில் நிற்பேன்.

பிரபாவதி அக்கா உனக்காகத் தன் மகளின் ஷூவைக் கொடுத்திருக்கிறார். "சேரலன்னா பஞ்சு வச்சிக்கச் சொல்லு."

இசை

இதைத் தபால் பெட்டி வரை கொண்டுபோனேன். போடவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஷூவையும் இந்தக் கடிதத்தையும் பையில் வைத்து, சிதம்பரம் போக வடலூர் பஸ்ஸில் ஏறினேன்.