ஓரத்தில் உரசும் இடுக்கி

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமா? மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? இங்கே உன் அத்தான் மாடிக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று கிளம்பி, இப்போது கீழ்வீட்டுச் சுவரும் ஒழுகுகிறது.

என் வேலையைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி விடுவாய். இந்த முறை பொறுத்துக்கொள். நடுவில் தடுப்பு வைத்த கண்ணாடித் தட்டில், இலையும் தண்டும் இல்லாத கேரட் வேரை வளர்க்கிறோம். அதைப் பற்றிக்கொண்டு வாழும் வேர்ப்பூஞ்சை, தடுப்பைத் தாண்டி மறுபாதியில் வித்துகளை உண்டாக்கும். வேர் இல்லாமல் அதற்குப் பிழைப்பில்லை. அதனால் அவ்வப்போது வேர்த்துண்டை இடுக்கியால் எடுத்துப் புதுத் தட்டில் வைக்க வேண்டும். இடுக்கி வெளியே எதையாவது தொட்டுவிட்டால் பூசணம் ஏறி, தட்டே பாழ்.

கொஞ்ச நாளாகத் தட்டுகள் கெட்டுக்கொண்டே இருந்தன. உதவியாளரைச் சந்தேகித்தேன். வாயாடி, முகமூடிக்குள்ளேயே பாடுவாள். இருவரும் மேசை மாற்றி உட்கார்ந்தோம். அதே வேர், அதே ஊட்டக்கூழ். அவள் தட்டுகள் பளிங்காக இருந்தன. பூசணம் என் பின்னாலேயே வந்துவிட்டது. "உங்க மேல அதுக்கு என்ன பாசம் மேடம்" என்று சிரித்தாள். பிறகு பக்கத்தில் நின்று நான் செய்வதைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "இடுக்கி தட்டு ஓரத்துல உரசுது மேடம். உங்களுக்குத் தெரியலையா?" என்றாள்.

தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அப்பாவுக்கும் தன் கை நடுங்குவது முதலில் தெரியவில்லை. கோப்பை கடகடவென்று ஆடியபோது சாஸர் சரியில்லை என்றார். நாமும் நம்பிப் புது சாஸர் வாங்கினோம்.

ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டாதே என்று மாணவர்களிடம் சொல்பவள் நான். களைப்பாக இருக்கலாம், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கலாம். வியாழக்கிழமை நரம்பு மருத்துவரைப் பார்க்கிறேன். அத்தானிடம் கண் பரிசோதனை என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல். மிச்சமிருக்கும் நல்ல தட்டுகளை உதவியாளரிடமே ஒப்படைத்துவிட்டேன்.

கடைசிக் காலத்தில் அப்பாவின் எழுத்து, வரி முடிவதற்குள் எறும்பாகச் சிறுத்துவிடும். அதனால்தான் இதைக் கையால் எழுதினேன். முதல் பக்கத்தையும் இந்த வரியையும் பக்கத்தில் வைத்துப் பார். என் மனம் நோகுமே என்று மறைக்காமல், கண்ணில் பட்டதைச் சொல்.

பதிலைப் போனில் அனுப்பாதே. நீயும் கையாலேயே எழுது. நாலு வரி போதாது, ஒரு பக்கமாவது வேண்டும். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா