முகம் காட்டாத இறுவட்டும் பல்லூடகக் கற்கையில் மறுக்கப்பட்ட இடமும்

அனுப்புநர்:
செல்வி அப்துல் ஸமட் றம்ஸியா, விஞ்ஞானமாணி,
கடற்கரை வீதி,
கல்முனைக்குடி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மேன்முறையீட்டுச் சபை,
தீவக ஊடகத் தொழில்நுட்ப நிறுவகம்,
கொழும்பு.

விடயம்: பல்லூடகப் பட்டப்பின் டிப்ளோமாக் கற்கைநெறிக்கான எனது விண்ணப்பம், சமர்ப்பித்த இறுவட்டில் (சீ.டி.) பெண்களின் முகங்கள் இல்லை என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டமை.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவகத்தின் தெரிவுக் குழு எனக்கு அனுப்பிய கடிதம் கிடைத்தது. அதை வாசித்த அன்றே ஒரு பதில் எழுதினேன். அது கோபத்தில் எழுதியது என்பதால் கிழித்துப் போட்டுவிட்டு, மனம் ஆறும்வரை பொறுத்திருந்து இந்த மனுவை எழுதுகிறேன். முழுதாக ஆறிவிட்டது என்று சொன்னால் அது பொய். எங்காவது சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் பௌதிக விஞ்ஞானத்தில் பட்டம் பெற்று, கல்முனையில் உள்ள தனியார் கணனிப் பயிற்சி நிலையமொன்றில் போதனாசிரியையாக வேலை செய்கிறேன். பல்லூடகம் என்ற சொல்லை எங்கள் ஊரில் விளங்கப்படுத்துவதே பெரும்பாடு. என் வாப்பா, படம் எடுக்கிற படிப்பா என்று கேட்டார். எழுத்தையும் படத்தையும் குரலையும் அசைவையும் ஒரே திரையில் சேர்த்து, பார்ப்பவர் தனக்கு வேண்டியதைத் தானே தெரிவு செய்து திறக்கும்படி அமைக்கிற படிப்பு என்றேன். "சரி மகள், படிச்சிப்போட்டு எங்க போய் வேல செய்யிற?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். பாட இறுவட்டு, தொலைக்காட்சி, பத்திரிகை, விளம்பரம் என்று அடுக்கினேன். நான் விரும்பிய வேலையை அவரிடம் கடைசியாகத்தான் சொன்னேன். அது சுகாதாரக் கல்வி. அந்த விருப்பம் பிறந்த விதத்தைச் சொன்னால்தான் என் முறைப்பாடு தங்களுக்கு விளங்கும்.

2. எங்கள் பகுதியில் ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் வடிந்த கையோடு குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் வருகிறது. உடம்பில் தண்ணீர் வற்றிய குழந்தைக்கு என்ன கொடுப்பது, எப்போது ஆசுபத்திரிக்கு ஓடுவது என்று அச்சடித்த துண்டுப்பிரசுரங்கள் சிகிச்சை நிலையங்களில் கிடைக்கின்றன. வாசிக்கத் தெரியாத தாய்மார் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரித் தட்டில் விரித்துவிடுகிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் செய்வதும் பெரும்பாலும் அதுதான். இதைப் பார்த்த பிறகே, தாய்மாரே தங்கள் குரலில் சொல்லி, தங்கள் கையால் செய்துகாட்டும் ஒரு இறுவட்டை அமைக்க வேண்டும் என்று எண்ணினேன். ஒரு மருத்துவிச்சி உதவினார். என் சாச்சியின் மகன் நளீம், கலியாண வீடுகளுக்கு வீடியோ பிடிப்பவர், தன் கமராவைத் தந்தார்.

3. நான்கு தாய்மார் சம்மதித்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர் சுபைறா. இந்த மனுவில் தன் பெயரை எழுத அவர் அனுமதி தந்திருக்கிறார். ஊரை எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. பதிவு தொடங்கும் முன் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கைய எடுங்க புள்ள, கதைக்கிறதையும் எடுங்க. முகத்த மட்டும் எடுக்கப்படாது. அவர் சவூதியில இரிக்காரு. ஆரும் ஒண்டைச் சொல்லி அவர்ர காதுல போட்டா நான் என்ன செய்யிற?" மற்ற மூவரும் அதையே கேட்டார்கள். நான் வாக்குக் கொடுத்தேன்.

முகம் வேண்டாம் என்று முடிவானதும் அந்தப் பெண்கள் கதைத்த கதையைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். சுபைறாவின் வாய் ஓயவேயில்லை. உப்பையும் சீனியையும் அளந்து கொதித்தாறிய தண்ணீரில் கரைத்தபடியே, தன் மூத்த பிள்ளையின் கண் குழிந்துபோன நாளைச் சொன்னார். இடையில் பக்கத்தில் நின்ற சின்னவனை ஏசினார். வளையல் சத்தத்தை நான் வெட்டவில்லை, ஏச்சையும் வெட்டவில்லை. அந்த இறுவட்டில் உயிர் இருக்கிறது என்றால் அது அவரால் வந்தது.

4. இந்த இறுவட்டைப் போட்டுக்காட்ட, பயிற்சி நிலையத்தின் கணனியைப் பழைய மெத்தையில் சுற்றி லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி இறக்காமத்துக்குக் கொண்டுபோனோம். காட்டிக்கொண்டிருக்கையில் பாதியில் மின்சாரம் நின்றது. தாய்மார் எழுந்து போகாமல் மின்சாரம் வரும்வரை இருந்து மிச்சத்தையும் பார்த்தார்கள். அன்று அங்கு வந்திருந்த சுகாதார அதிகாரி, தமிழில் இப்படிச் செய்ய ஆள் இல்லை என்றும், முறையான பட்டப்பின் தகைமை இருந்தால் சுகாதாரக் கல்விப் பிரிவில் என்னைச் சேர்த்துக்கொள்ள எழுதுவதாகவும் சொன்னார். என் வாப்பாவின் கேள்விக்கு அன்றுதான் ஒழுங்கான பதில் கிடைத்தது. தங்கள் நிறுவகத்துக்கு விண்ணப்பித்தேன்.

5. நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்ததும் வாப்பாவுடன் கொழும்புக்குப் புறப்பட்டேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவர் இறுவட்டை வெளியே எடுத்து, சூரியனுக்கு எதிரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். உப்பு, சீனி, தண்ணீர் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

6. தங்கள் தெரிவுக் குழு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதே என் முதல் முறைப்பாடு. இறுவட்டில் ஐந்து பகுதிகள் உள்ளன. கணனியை இயக்க எனக்கு இடம் தரப்படவில்லை. இயக்கியவர் முதற் பகுதியை மட்டும் திறந்தார். அது முடிந்ததும் திரை அடுத்த தெரிவுக்காகக் காத்து நின்றது. குழுவினரும் காத்திருந்தார்கள். படம் நின்றுவிட்டது என்று ஒருவர் சொன்னார். பல்லூடகக் கற்கைக்கு ஆள் தெரிவு செய்யும் சபையில், அடுத்த பொத்தானை அழுத்த வேண்டும் என்று விண்ணப்பதாரி சொல்லிக்கொடுப்பது மரியாதையாகுமா என்று நான் தயங்கினேன். தயங்கியது என் பிழை. அதற்குள் இன்னொருவர், இதில் மனிதர்களே இல்லையே என்று கேட்டார். நான் விளக்கத் தொடங்கியபோது, உங்கள் மார்க்கம் இப்படிக் கட்டுப்படுத்தினால் இந்தத் தொழிலில் நீங்கள் எப்படி நிலைப்பீர்கள் என்று மூன்றாமவர் கேட்டார். நேரம் முடிந்துவிட்டது.

கையும் குரலும் மனிதருடையவைதானே என்று கேட்க வாய் வரை வந்தது. வாப்பா வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

7. பின்னர் வந்த கடிதம் இரண்டு காரணங்களைச் சொல்கிறது. ஒன்று, மனித முகங்களைப் பதிவு செய்யும் திறமைக்கு ஆதாரம் இல்லை. மற்றையது, விண்ணப்பதாரியின் சமூகக் கட்டுப்பாடுகள் தொழிலுக்குத் தடையாகலாம். அத்துடன், அதே பெண்களின் முகங்களைச் சேர்த்து இம்மாதம் இருபதாம் திகதிக்கு முன் மீண்டும் அனுப்பினால் ஓர் இடம் ஒதுக்கப்படும் என்றும் உள்ளது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

8. திறமைக்கு ஆதாரம் பற்றி: எங்கள் பகுதிக் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை ஆண்கள் பிடிக்க முடியாது. நளீம் ஆண்கள் பக்கத்தைப் பிடிப்பார், பெண்கள் பக்கத்தை நான் பிடிப்பேன். பல்கலைக்கழகத்துக்குப் போக முன்பிருந்தே இதைச் செய்து வருகிறேன். மணப்பெண் அழுவதையும், அவளுடைய தோழிகள் அவளைச் சிரிக்கவைப்பதையும், உம்மாமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு விருந்தாளிகளைக் கவனிப்பதையும் எத்தனையோ வீடுகளில் பிடித்திருக்கிறேன். முகங்களைப் பதிவு செய்யும் என் திறமையைச் சந்தேகித்து யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. ஆனால் பெண்கள் பக்கத்து ஒளிநாடா மணப்பெண்ணின் உம்மாவிடம் போய்ச் சேரும். கொப்பி எடுப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும் உம்மா விரும்பினால்தான் காட்டுவார். நாங்கள் எழுதி ஒப்பமிட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது, ஆனாலும் ஒருவரும் இதை மீறியதில்லை. ஆகவே தாங்கள் கேட்கும் ஆதாரம் கல்முனைக்குடியின் அலுமாரிகளில் நிறையவே இருக்கிறது. என் கையில்தான் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால், அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

9. சமூகக் கட்டுப்பாடு பற்றி: நான்கு தாய்மாரில் ஒருவர் தமிழ்ப் பெண். கோயிலுக்குப் போகிறவர். அவருக்கும் என் மார்க்கத்துக்கும் சம்பந்தமில்லை. தொண்ணூறாம் ஆண்டு வன்செயல்களுக்குப் பிறகு இங்கே யார் யாருடைய ஊருக்குப் போய் வருகிறார்கள் என்பதைக் கவனிக்கிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் பெண்களோடு ஒரே பாயில் இருந்து உப்புக் கரைத்தார். அந்த இறுவட்டில் எது அவருடைய கை, எது சுபைறாவின் கை என்று தெரிவுக் குழுவால் சொல்ல முடியாது. எனக்கும் அதுவே விருப்பம். நேர்முகப் பரீட்சையில் இதைச் சொல்லியிருந்தால் என் பக்கம் வலுத்திருக்கும். அவரிடம் கேட்காமல் சொல்லக்கூடாது என்பதால் சொல்லவில்லை. இப்போது கேட்டுவிட்டு, பெயரில்லாமல் எழுதுகிறேன்.

10. முகங்களைச் சேர்க்கும் நிபந்தனை பற்றி: இடம் கிடைக்கவில்லை என்பதையும் நிபந்தனையையும் அந்தத் தாய்மாரிடம் சொன்னேன். அவர்கள் விசாரித்துக்கொண்டே இருந்ததால் மறைக்க முடியவில்லை. அன்று சுபைறா கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம், பெருநாளுக்கு எடுத்த சாரியை உடுத்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "எடுங்க புள்ள. ஒங்கட படிப்பு என்ட முகத்தால நிக்கப்படாது" என்றார். வேண்டாம் என்றேன். அவர் எழும்பவில்லை. திரும்பவும் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தின் மீது எனக்கிருந்த ஆசை என்னைக் கமராவை எடுக்க வைத்தது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

ஜன்னல் ஓரம் கதிரை போட்டேன். முன்பு சொன்னதையே சொல்லுங்கள் என்றேன். அவர் கமராவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். கையைக் காட்டியபோது வாய் ஓயாத அந்தப் பெண், முகத்தைக் காட்டியபோது ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் கேள்வி கேட்டுப் பார்த்தேன், தலையை மட்டும் ஆட்டினார். உப்பை எடுத்தார், பாதி மடியில் சிந்தியது. பிள்ளையின் பெயரைக் கேட்டேன், மடியிலிருந்த உப்பைத் தட்டிவிட்டார். கடைசியில், "முடிஞ்சா?" என்று கேட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு போனார். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை.

தொழில்நுட்ப ரீதியாகச் சொன்னால் அது குறையில்லாத பதிவு. வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்திருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது, கண்ணிமையின் அசைவு வரை தெரிகிறது. தெரிவுக் குழுவுக்கு அது போதும். அதைப் பார்த்து எந்தத் தாயும் தன் பிள்ளையைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ள மாட்டாள்.

11. இரக்கத்தின் பேரில் எனக்கு இடம் தரும்படி நான் கேட்கவில்லை. கிழக்கிலிருந்து வருகிறவள் என்றோ, பெண் என்றோ சலுகையும் வேண்டாம். என் படிப்பில் குறை இருந்தால் சொல்லுங்கள். ஒளியமைப்பும் ஒலித்தொகுப்பும் எனக்கு இன்னும் சரியாக வராது, அவற்றைக் கற்கத்தான் தங்களிடம் வருகிறேன். ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதை ஒரு குறையாக எழுதி அனுப்பியிருப்பது என்னை மிகவும் வருத்துகிறது. நாளை நான் இந்தத் தொழிலில் நோயாளியையும் அகதியையும் விதவையையும் தேடிப் போக வேண்டியிருக்கும். வாக்கை மீறித் தகைமை பெற்றவளிடம் அவர்கள் எதற்காகக் கதைக்க வேண்டும்?

ஆகவே, என் இறுவட்டின் ஐந்து பகுதிகளையும் தங்கள் சபை முழுமையாகத் திறந்து பார்க்க வேண்டும் என்றும், முகங்களைச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கி என் விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்க வேண்டும் என்றும் வேண்டுகிறேன். முகப் பதிவுத் திறமையை அறிய வேண்டுமானால், தங்கள் நிறுவகத்திலேயே ஒரு கமராவைத் தாருங்கள், சம்மதிக்கிற எவரையும் என் முன்னே இருத்துங்கள். தெரிவுக் குழுவினராயினும் சரி. கற்கை ஒக்டோபரில் தொடங்குவதால் விரைவில் ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன். மறுப்பதாயின், காரணத்தைத் தமிழில் எழுதியனுப்புங்கள். நான்கு வீடுகளில் அதை நான் வாசித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

தங்கள் தீர்ப்பை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
அ. ஸ. றம்ஸியா

இடம்: கல்முனை
திகதி: 1999 செப்டெம்பர் 06

இணைப்புகள்:
தெரிவுக் குழுவின் கடிதத்தின் பிரதி.
பட்டச் சான்றிதழின் பிரதி.
இறுவட்டின் இரண்டாவது பிரதி, எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பகுதி திறக்கும் என்ற குறிப்புடன்.
சுபைறாவின் முகம் பதிவான ஒளிநாடா: உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இணைக்கப்படவில்லை.